பின்சீட்டுக்காரி

பதினேழு வருஷம் பின்சீட்டில் இருந்தேன்.
பின்சீட்டுக்காரிக்கு வேலை ஒன்றுதான்:
அவர் சாயும்போது சாய வேண்டும்.
முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.
சிறுமலையின் பதினெட்டு வளைவும்
என் இடுப்புக்கு மனப்பாடம்.
போடிமெட்டுப் பனியில்
ரோடு காணாமல் போனபோதும்
அவர் தோள் இறங்குவது தெரிந்தது,
போதுமாக இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் இடது காலை
முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.
கியர் போடுகிற கால்.
மயக்கம் தெளிந்ததும் கேட்டார்:
"வண்டி மழையில நிக்கிதா?"

வில்லாபுரத்தில் மைதீன் பிச்சை பட்டறை.
பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டு
ஸ்விங் ஆர்மில் கிரைண்டரை வைக்கிற நேரம்
"இரு" என்றார் இவர்.
கக்கத்துக் கட்டைகளை ஊன்றி எழுந்து
தெருமுனை வரை போய்
டீ குடித்துவிட்டு வந்தார்.
"ம். அறு."

நெல்பேட்டைப் பழைய இரும்பில்
லோடு ஆட்டோவின் பின் ஆக்சில் கிடைத்தது.
பேரம் பேசியது நான்.
ஐயாயிரத்து ஐநூறு, டிஃபரன்சியலோடு.
வளைவில் வெளிச்சக்கரம் கூட ஓடணும்,
உள்சக்கரம் குறைய ஓடணும்,
ரெண்டும் சண்டை போடாம இருக்கத்தாங்க்கா இந்தப் பெட்டி என்று
கிரீஸ் விரலால் தரையில் வரைந்தார் மைதீன் பிச்சை.
கல்யாணத்தன்னைக்கே வாங்கியிருக்கலாம் என்றேன்.
பட்டறையே சிரித்தது.
இவர் ஆக்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கியருக்குக் கைநெம்பு.
செயின் நேர்க்கோட்டுக்கு வரவில்லை என்று
பற்றவைத்ததை எல்லாம் வெட்டி
மறுபடி பற்றவைத்ததில் ஒரு வாரம் போனது.

ஞாயிறு, விடிவதற்கு முன்னால், அழகர்கோவில் ரோடு.
மூன்றுமாவடியில் நிறுத்தினார்.
மூன்று சக்கரத்தில் தானாக நின்றது வண்டி.
அதை நம்பாமல்
இல்லாத காலை அவர் ஊன்றப் போனது
முதுகில் தெரிந்தது.

கடச்சனேந்தல் தாண்டி முதல் வளைவு.
சாய்ந்தார். சாய்ந்தேன்.
வண்டி சாயவில்லை.
விறைப்பாக நேரே போய்
இளநீர்க் குவியலுக்கு ஒரு சாண் முன்னால்தான் நின்றது.
குலை இறக்கிக்கொண்டிருந்த அம்மா
அரிவாளோடு நிமிர்ந்தாள்:
"ஹேண்டில்னு ஒண்ணு இருக்கே, அதத் திருப்ப மாட்டியாய்யா?"

நாலு தரம் பார்த்தார்.
கை திருப்புவதற்குள் இடுப்பு போய்விடுகிறது.
கல்லூரி நாளில் படித்தது,
கால் போயும் போகாமல் இருக்கிறது.
அப்பன் திருப்பதிப் பக்கம் ஒரு புளியடியில் நிறுத்தி
ஹெல்மெட்டைக் கழற்றி டாங்க் மேல் வைத்து
பேசாமல் இருந்தார்.

எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.
மறக்க வேண்டியது என்று
என்னிடம் எதுவும் இல்லை.
"தள்ளி உக்காருங்க" என்றேன்.
"லைசென்ஸ் இல்லையே லில்லி."
"இன்னும் விடியவும் இல்லையே."

திருப்பினால் திரும்பியது.
அவ்வளவுதான்.
இதற்கா இத்தனை வருஷம்
ரகசியம் போல் பாவனை காட்டினார் என்று
வாய்விட்டுக் கேட்கவில்லை.

இப்போது லைசென்ஸ் இருக்கிறது,
போட்டோவில் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.
போன மாதம் சிறுமலை.
நாலாவது வளைவுக்குள் தோள் கழன்றுவிட்டது,
ஐந்தாவதில் ஒரு ஜீப்காரன் ஒலியெழுப்பி
எட்டிப் பார்த்துக்கொண்டே போனான்.
பின்னால் இவர்
ஒவ்வொரு வளைவுக்கும் சாய்ந்துகொண்டிருந்தார்.
முந்தாமல், பிந்தாமல்.
இந்த வண்டிக்கு அது எதற்கு,
விட்டுவிடுங்கள் என்று சொல்ல இருந்தேன்.

ஏழாவதில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டது.
உள்சக்கரம் தரையை விட்டு எழுந்தது.
என் தொடைக்கு முதலில் தெரிந்தது,
அப்புறம் வயிற்றுக்கு.

இவர் பாதி உடம்பை
உள்பக்கம் வெளியே தொங்கவிட்டார்.
சக்கரம் இறங்கியது.

"பாத்து ஓட்டு" என்றார்.
பதினோரு வளைவு பாக்கி இருந்தது.